எந்த நாடு எங்கட பக்கம்?



அமெரிக்கா, சீனா, ஈரான் என்று பேச்சு வந்தால், கிருலப்பனை தேநீர்க் கடையிலிருந்து எங்கள் வகுப்பறை வரை ஒரே கேள்விதான்: "எந்த நாடு எங்கட பக்கம், சேர்?" ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது எங்கள் சொந்த அனுபவத்தைத்தான்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் மௌத்தான எல்லோரையும் எரிக்கச் சொன்னது. அடக்கினாலும் பாதுகாப்புத்தான் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் எங்கள் ஜனாஸாக்கள் எரிந்தன. டிசம்பரில் 20 நாள் குழந்தையையும் எரித்தார்கள்.

2021 பெப்ரவரி 23இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். 25இல் அடக்க அனுமதி தரும் வர்த்தமானி வந்தது. நாங்கள் நன்றி சொன்னோம், சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மார்ச் 23இல் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கட்டாய எரிப்பு பற்றிய கவலையும் அதில் இருந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. பாகிஸ்தானும் பங்களாதேஷும் சீனாவோடு சேர்ந்து எதிர்த்தன. இந்தோனேசியா நடுநிலை, இந்தியாவும் நடுநிலை. பிரித்தானியாவும் ஜெர்மனியும் ஆதரித்தன. காஸா என்று வந்தபோது அதே நாடுகள் எப்படி நடந்தன என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாடுகள் தங்கள் நலனைப் பார்த்துத்தான் கை தூக்கும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஏமாறாமல் இருந்தால் போதும்.

பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களுக்கு அப்படி எந்த நலனும் இருக்கவில்லை. சிங்களவர் வந்தார்கள், தமிழர் வந்தார்கள், கிறிஸ்தவ மதகுருமாரும் வந்தார்கள். பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழ்ச் சகோதரர்களும் எங்கள் ஜனாஸாவுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஓட்டமாவடியில் அடக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் ஒரு ஸியாரத்துக்காக நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த வலி உண்மை, அதை மறக்கச் சொல்லவில்லை.

எங்கள் கவலை வேறு. இன்று பத்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். எரித்தது அவர்களுக்கு ஞாபகம், வேலியில் கட்டிய துணி ஞாபகமில்லை. அதனால்தான் "சிங்களவன் எல்லாம் இப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்புகிறார்கள்.

வாப்பாமாரே, உம்மாமாரே, எரித்த கதையைச் சொல்லும்போது துணி கட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை ஒரு கஷ்டம் வந்தால் முதலில் கதவைத் தட்டப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மௌத்தானவர்களுக்காக துஆ செய்வோம்.