பனிமலை பிளான்... தொண்டூரில் பிரேக்!

வெள்ளிக்கிழமை இரவு. "ஔலி போய் பனிச்சறுக்கு விளையாடலாமா மச்சி?" என்று ஆரம்பித்தது பேச்சு. உத்தரகாண்ட் போக டிக்கெட் விலையைப் பார்த்ததும் அடங்கியது. "மலைதானே வேணும்?" என்று விடியற்காலையிலேயே பைக்கை எடுத்தோம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக, செஞ்சி வட்டாரத்துத் தொண்டூர்.

அங்கே ஒரு பாறைக்குன்று. அதில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகள். கூடவே தமிழ் பிராமி கல்வெட்டு. சுமார் 1,700 ஆண்டுப் பழைமை. செய்தவர் பெயர் மோசி என்கிறது.

நண்பன் ஒருவன் பைக் சாவியால் பாறையில் தன் பெயரைக் கீற ஆரம்பித்தான். "மோசி படுக்கை செஞ்சாரு, பேர் நிக்குது. நீ என்னடா செஞ்சே?" என்றேன். சாவி பாக்கெட்டுக்குள் போனது. கீறிய முதல் எழுத்து மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அதை இனி அழிக்க முடியாது.

செஞ்சிக்கோட்டை போகிறவர்கள் தொண்டூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சாவி மட்டும் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!