ஓடுமா, ஒழுகுமா?

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கு 645 பொருள்கள் இருப்பதாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் கணக்கிட்ட செய்தி 2011-இல் வெளியாயிற்று. 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் பெற்றிருந்த ‘செட்’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ 430தான். இதைக் காட்டி, “தமிழில் இத்தகைய சொல் உண்டா?” என்று விடுதி நண்பரொருவர் அறைகூவினார்.

நம் ‘ஓடு’ என்னும் சொல்லும் சளைத்ததன்று. குதிரை ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். ஆனால் கடையை நாம் நடத்துகிறோம், சாயம் போகிறது, மூக்கு ஒழுகுகிறது. தேர்தலிலோ அமெரிக்கர் ஓடுகின்றனர், நம்மவர் நிற்கின்றனர்! ஆய்வுக்கூடத்தில் மட்டும் எல்லாவற்றையும் ‘ரன்’ பண்ணுகிறோம். சோம்பலே காரணம்.

சென்ற விடுமுறையில் பொன்முடி போகும் வழியில் கல்லாற்றில் இறங்கினோம். பெயருக்கேற்ற ஆறு, பாறையும் உருளைக்கல்லுமாகக் கிடக்கிறது. கால் நனைக்கப் போனபோது கரையிலிருந்த பெரியவர், “மோனே, நல்ல ஒழுக்குண்டு” என்றார். நண்பர் சிரித்தார். ஒழுக்கு என்றால் அவருக்குக் கூரையிலிருந்து சொட்டுவது. மலையாளத்தில் அது நீரின் வேகம். அங்குள்ள வட்டக்கயத்தில் மூழ்கி இறந்தோர் பலர் என்று பெரியவர் சொல்லவும் சிரிப்பு அடங்கிற்று.

பழந்தமிழிலும் ஆறு ஒழுகியதுதான். ஒழுக்கம் என்ற சொல்லே அதன் வழிவந்தது. கூரை ஒழுகினால் அவர்கள் ‘சோருந்நு’ என்பார்கள். நமக்கோ சோர்பவர் மனிதர். ஆயினும், கண்ணீர் சோர நின்றாள் என்று நாமும் எழுதியவர்கள்தாம்.