பிடித்த மீனை விட்டுவிடுகிறவள்

மீனைப் பிடிப்பது, அளப்பது, போட்டோ எடுப்பது, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவது! இதற்கு ஒரு போட்டி, பரிசுப் பணம் வேறு! குழம்புக்கு வராத மீனுக்கா இத்தனை பாடு என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பேரன் பிறந்ததை ஒட்டி டெக்ஸாஸில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு பையன்கள். சனிக்கிழமையானால் விடியற்காலை நாலு மணிக்கே பன்னிரண்டடிப் படகு ஒன்றை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கயாக் என்று பெயர். ஒருவர் மட்டும் உட்காரும் படகு.

வட துருவப் பக்கத்து இன்யூட் மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்டதாம் இது. ஆண்கள் சட்டம் கட்டுவார்கள். அதன்மேல் சீல் தோலைப் போர்த்தி, தண்ணீர் புகாமல் தைப்பது பெண்கள். தையல் விட்டால் வீட்டுக்காரர் திரும்பி வரமாட்டார்! தையல் தெரிந்தவர்களுக்கு அந்தப் பொறுப்பு புரியும். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். நம் கட்டுமரம் மாதிரி மேலேயே உட்காரலாம். ஏறின தண்ணீர் ஓட்டை வழியே வடிந்துவிடும். 1997-ல் ஹோபி கம்பெனி காலால் மிதிக்கிற பெடலைக் கொண்டுவந்த பிறகு, துடுப்புப் போட வேண்டிய கை தூண்டிலுக்கு மிச்சமாயிற்று.

சத்தமில்லை, புகையில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரிலும் புகுந்துவிடும். லேக் ஃபோர்க் என்ற ஏரிக்குப் போனோம். 1980-ல் அணைக்குப் பின்னால் நீர் தேங்கத் தொடங்கிய ஏரி. மூழ்கின மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. பெரிய படகுகள் தயங்கும் அந்தச் சந்துபொந்துகளில் கயாக் நுழைகிறது. 1992-ல் எட்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸ் மீன் அகப்பட்டது இந்த ஏரியில்தான்.

இந்த பாஸ் மீனின் குடும்பக் கதையைக் கேளுங்களேன்! வசந்த காலத்தில் ஆண் மீன்தான் தரையைக் கூட்டிக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் அப்பாதான் காவல் காக்கும். ('இங்கே பாருங்கள்' என்று மாப்பிள்ளையிடம் சொல்லலாமா என்று இருந்தது!) அப்பாவைத் தூக்கிப் போனால் சின்ன மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அதனால்தான் பிடித்த இடத்திலேயே உடனே விடுகிறார்கள். எடை கிடையாது, நீளம்தான் கணக்கு. பலகையில் மீனை வைத்து, வாயை மூடி, அன்றைக்குக் கொடுத்த அடையாளச் சீட்டும் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். மிக நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ, அவருக்குப் பரிசு. 2020-லிருந்து பி.ஏ.எஸ்.எஸ். என்ற பெரிய மீன்பிடி அமைப்பே கயாக்குக்கென்று தனித் தொடர் நடத்துகிறது.

"பரிசுக்காகவா இத்தனை தூரம்?" என்று அவளைக் கேட்டேன். இரண்டாவது குழந்தை பிறந்தபின் மாதக்கணக்கில் காரணமில்லாமல் அழுதாளாம். குழந்தையைத் தூக்கவே கை வரவில்லையாம். டாக்டரிடம் போய் மருந்து, ஆலோசனை எல்லாம் எடுத்துக்கொண்டு தேறினாள். அப்புறம்தான் தன் அண்ணனின் பழைய கயாக்கில் ஏறினாள். "தண்ணீர்ல ஆறு மணி நேரம் யாரும் என்னை அம்மான்னு கூப்பிட மாட்டாங்க. திரும்பி வந்து அவங்க கூப்பிடும்போது இனிக்கும்" என்றாள். மகள் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போட்டியன்று நடுப்பகலில் காற்று கிளம்பியது. அலை வெள்ளை வெள்ளையாக எழும்பிற்று. கரையில் அவள் மாமியாரும் நானும் பையன்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாலு மீன் ஆகிவிட்டது, ஐந்தாவதுக்கு இரண்டு மணி நேரம் பாக்கி. அவளோ படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள். பரிசு போயிற்று. நனைந்த கையோடு பையன்களிடம் அளவுப் பலகையைக் காட்டி, "இவ்ளோ பெரிசு!" என்று அளந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, சனிக்கிழமை காலைல இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கறியா? அவ பழைய படகைத் தரேங்கறா. கரையோரமா, அவ கூடவே போய்ட்டு வந்துடறேன்."

"பார்த்துக்கறேன். அந்த மிதவை ஜாக்கெட்டை மட்டும் கழட்டவே கூடாது, விசிலும் கழுத்தில இருக்கணும்" என்றேன்.

பாலைக் காய்ச்சி எங்கே வைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று வெள்ளிக்கிழமை இரவே எழுதிக் கொடுத்துவிட்டாள்.