குதிரைப் பாதையில் சைக்கிள்

வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த லேக் டிஸ்ட்ரிக்ட் தெரியும்தானே? இங்கிலாந்தின் வடமேற்கில், மலைக்கு நடுவே ஏரி ஏரியா கிடக்கும். மவுண்டன் பைக் பைத்தியங்களுக்கு அது கோயில் மாதிரி.

என்னை அசத்தினது அந்த ஊர்ச் சட்டம்ங்க. (பிசினஸ் லா வகுப்பில் தூங்குறவங்களும் படிக்கலாம்!) நடக்கிறவங்களுக்கான பாதையில் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. குதிரைப் பாதையில் உண்டு. கொடுத்தது 1968-ல் வந்த நாட்டுப்புறச் சட்டம். அப்போ மவுண்டன் பைக்கே பிறக்கலை. கலிஃபோர்னியாப் பசங்க பழைய சைக்கிளோட மலையிறங்க ஆரம்பிச்சதே எழுபதுகளில்தான். எழுதினவங்க மனசில் சாதா சைக்கிள்தான் இருந்திருக்கும். அந்த ஒரு பிரிவைப் பிடிச்சுக்கிட்டு இன்னிக்கு 950 மீட்டர் ஹெல்வெலின் உச்சிக்கே பைக் ஏறுது!

ஆனா ரெண்டு கொக்கி. நடக்கிறவங்களுக்கும் குதிரைக்காரங்களுக்கும் சைக்கிள்தான் வழிவிடணும். பாதையை சைக்கிளுக்கு ஏத்தபடி செஞ்சு தர்ற கடமை யாருக்கும் இந்தப் பிரிவால் வராது. செங்குத்துப் பாறை வந்தா பைக்கைத் தோளில் போட்டுக்கிட்டு நடக்க வேண்டியதுதான். எனக்கென்னவோ இது நியாயமான பேரமாத்தான் படுது. உரிமை மட்டும் கொடு, ரோடு கேட்க மாட்டேன்!

சைக்கிளுக்குன்னே போட்ட தடம் வேணும்னா கிரைஸ்டேல், வின்லாட்டர் காடுகள் இருக்கு. நானா இருந்தா முதலில் ஹெல்வெலின்தான். மேலேயிருந்து அல்ஸ்வாட்டர் ஏரி தெரியுமாம்.