அரசு வழக்குரைஞனாக விரும்பும் நண்பனுக்கு

சென்ற கோடை விடுமுறையில் யான் நாமக்கல்லிலுள்ள எங்கள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, பள்ளிப் பருவத்து நண்பனொருவன் என்னைக் காண வந்தான். அவன் இப்பொழுது சேலத்திற் சட்டம் பயில்கின்றான். கமலாலயக் குளக்கரையில் அமர்ந்து உரையாடுங்கால், “யான் அரசு வழக்குரைஞனாகிக் குற்றவாளிகளையெல்லாம் சிறைக்கு அனுப்புவேன், நீ என்ன சொல்லுகின்றாய்?” என்று வினவினான். தமிழ் பயிலும் எனக்குச் சட்டம் யாது தெரியும்? ஆயினும் அவ்வுரையில் ஏதோ குறையுண்டெனத் தோன்றிற்று. அன்று சொல்லாது விட்டதை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

என் சிற்றப்பா சரக்கு லாரி ஓட்டுபவர். சில ஆண்டுகளுக்கு முன், இரவில் ஒருவர்மீது மோதிவிட்டு நில்லாது சென்றாரென்று அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. கண்டதாகச் சொல்ல இருவர் இருந்தனர். சிற்றன்னையார் தம் வளையல்களை அடகு வைத்து வழக்கை நடத்தினார். வழக்குக் கட்டினுள்ளே, அவ்வேளையில் அந்த லாரி வெகு தொலைவிலுள்ள சுங்கச்சாவடியைக் கடந்ததைக் காட்டும் சீட்டொன்றும் கிடந்தது. அதனைக் கண்டெடுத்து நீதிபதியின்முன் வைத்தவர் எங்கள் வக்கீல் அல்லர். எதிரே நின்ற அரசு வழக்குரைஞரே! சிற்றப்பா விடுதலை பெற்றார். “தம் வழக்கைத் தாமே தோற்றாரே” என்று சிலர் நகைத்தனர். அவர் தோற்கவில்லை என்பதை எங்கள் குடும்பத்தார் அறிவர்.

இதற்கு மாறானதும் இந்நிலத்தில் நிகழ்ந்துளது. 1882-ஆம் ஆண்டு சேலத்தில் எழுந்த கலகத்தைத் தூண்டினாரென்று சி. விஜயராகவாச்சாரியார்மீது குற்றஞ்சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1920-இல் நாகபுரியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. கீழ்மன்றத்தில் வென்றதனால் மட்டும் ஒரு குற்றச்சாட்டு உண்மையாகிவிடாது.

உண்மையான குற்றத்தை மெய்ப்பித்தலோ அதனினும் அரிது. 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியற் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொலையுண்டார். உடல் பள்ளிபாளையத்தருகே இருப்புப்பாதையிற் கிடந்தது. பட்டியற் சாதியினரான அவர் வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகியதே காரணம். வழக்கு 2019-இல் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. முதன்மைச் சாட்சி தம் சொல்லினின்று பிறழ்ந்தார். மகனை இழந்த தாயின் வேண்டுகோளால் அமர்த்தப்பட்ட சிறப்பு அரசு வழக்குரைஞர் ப. பா. மோகன், கோயிற் கேமராப் பதிவுகளையும் ஏனைச் சூழ்நிலைச் சான்றுகளையும் ஒன்றோடொன்று கோத்து வழக்கை நிலைநாட்டினார். 2022 மார்ச்சில் பதின்மர் ஆயுள் தண்டனை பெற்றனர்; ஐவர் விடுவிக்கப்பட்டனர். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அக்கோயிலுக்கு நேரே சென்று இடங்களைப் பார்வையிட்டனர்; அவ்வாண்டு ஜூனில் அத்தீர்ப்பு பெரும்பாலும் உறுதியாயிற்று. ஆண்டுகள் ஏழெட்டு! ஒரு சாட்சி வீழ்ந்தவிடத்துச் சினங்கொள்ளாது, வேறு சான்று தேடிய பொறுமையே அங்கு வென்றது.

நண்ப, நின் வழி நீண்டது. உதவி அரசு வழக்குரைஞர் பதவிக்குத் தேர்வாணையத்தின் தேர்வெழுத, குற்றவியல் மன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடியிருத்தல் வேண்டும். அமர்வு நீதிமன்றத்து அரசு வழக்குரைஞர்க்கோ ஏழாண்டுப் பயிற்சியைச் சட்டம் கேட்கின்றது. அவ்வாண்டுகளை வீணென்று எண்ணாதே. குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் நின்றும் வழக்காடு. அவர்தம் அச்சத்தை அருகிருந்து காண்பாய். பதவி எய்திய பின், காவலர் தரும் தாள்களையெல்லாம் நீயே படி. சாட்சி சொல்ல வரும் ஏழைக்கு மன்றத்தின் நடைமுறையை விளக்கு. சொல்லவேண்டியது இதுவென்று கற்பியாதே. நினக்குத் துணையாவதைக் காட்டுமளவு, இடையூறாவதையும் மறையாது காட்டு.

தமிழ் மாணவனாதலின் ஒன்று கூறி முடிக்கின்றேன். பாண்டியன் அவையிற் கண்ணகி கண்ணீரால் வழக்கை வென்றாளல்லள். சிலம்பை உடைத்துக் காட்டியே வென்றாள். அவ்வரசனோ ஆராயாது தண்டித்தமையால் உயிர் துறந்தான். கண்ணகிபோற் சான்றோடு நில், பாண்டியன்போல் விரையாதே. குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்புவேன் என்றாயன்றோ? குற்றமற்றவனை அனுப்பேன் என்பதனையும் அதனோடு சேர்த்துக்கொள். சிற்றப்பா அந்தச் சுங்கச்சீட்டின் படியொன்றை இன்றும் பெட்டியிற் பேணி வைத்துள்ளார். அடுத்த விடுமுறையில் வா, காட்டுகின்றேன்.