கயிறு யார் கையில்?

தூத்துக்குடியில் பிறந்த பெண்களில் கடலைப் பாராதவர் எவருமில்லை. கடலில் இறங்கியவர்களோ மிகச் சிலர். வல்லங்கள் வருவதைக் கரையில் நின்று பார்ப்போம். மீனைக் கூறு வைப்போம், கருவாடு காயப்போடுவோம், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் செபமாலையைக் கையில் எடுப்போம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால், "போதும், ஏறி வா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். என் பாட்டி அக்குரலைக் கேட்டார், என் தாயார் கேட்டார், நானும் கேட்டேன். என் இளைய மகளும் அதைக் கேட்டே வளர்ந்தாள். அவள் கடலைக் கற்றுக்கொண்டது நம் கரையில் அன்று; இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் என்னும் குளிர்ந்த கரையில்.

இதில் ஒரு வியப்பு உண்டு. என் தகப்பனார் குளியாள். முத்துக் குளிப்பிலும் பின்னர்ச் சங்கு குளிப்பிலும் தம் உடலைத் தேய்த்தவர். இக்கரை கண்ட கடைசி முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. நான் பிறந்ததும் அந்த ஆண்டில்தான். ஆகவே முத்துக் குளிப்பை நான் கண்டதில்லை. அவர் சொல்லக் கேட்டதே உண்டு. காலைக் கல்லின் மேல் ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்குக் கல்லோடு இறங்குவார்களாம். ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே வள்ளத்தில் நிற்பவர் இழுத்துத் தூக்குவார். இறங்கியவன் உயிர் முழுவதும் அந்தக் கயிறு பிடிப்பவர் கையில். அதனால் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலி அறுவதை எந்தச் சகோதரன்தான் விரும்புவான்?

அப்படிப்பட்டவரின் பேத்தி, தண்ணீரில் மிதக்கவும் தெரியாமல், முப்பது வயதில் செவிலியர் பணிக்காகக் கார்ன்வால் சென்றாள். அங்கே உடன் பணிபுரியும் பெண்கள் விடுமுறை நாட்களில் அலைச்சறுக்குக்குப் போவார்களாம். இவளையும் அழைத்தார்கள். முதல் நாள் மாலை தொலைபேசியில், "அம்மா, இங்கே தண்ணீர் கடிக்கிறது" என்றாள். நம் மன்னார்க்குடாக் கடல் ஆண்டில் பெரும்பகுதி 27, 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அங்கேயோ குளிர்காலத்தின் இறுதியில் 9, 10 டிகிரிதான். கோடை முற்றிய பின்னும் 17 டிகிரியைத் தாண்டுவது அரிது. அதற்காக நியோபிரீன் என்னும் ரப்பர்த் துணியாலான உடையைத் தோலோடு ஒட்ட அணிகிறார்கள். அந்த உடை நீரை முற்றிலும் தடுப்பதில்லை. சிறிதளவு நீர் உள்ளே புகுந்து தோலுக்கும் உடைக்கும் நடுவே தங்கிவிடும். உடலின் சூடே அந்நீரை வெதுவெதுப்பாக்கும். ரப்பரிலுள்ள நுண்ணிய காற்றறைகள் அச்சூடு வெளியேறாமல் காக்கும். 1950களில் கண்டறியப்பட்ட இந்த உடை இல்லாதிருந்தால் அக்கரையில் மாரிக்காலத்தில் எவரும் பலகையைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

பலகையில் எழுந்து நிற்பதே முதற்பாடம் என்று நான் எண்ணியிருந்தேன். இல்லையாம். தண்ணீரில் சும்மா கிடக்கக் கற்பதே முதற்பாடம். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவனுக்கு மூச்சு தானே திணறும், வாய் திறந்துகொள்ளும், அந்தக் கணத்தில் ஒரு மடக்கு நீர் உள்ளே போனால் போதும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் மாண்டுபோகிறார்கள். எனவே கை கால்களை அடித்துக்கொள்ளாமல், தலையைப் பின்னே சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். 1824 முதல் அந்நாட்டுக் கடலில் உயிர் காக்கும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் இதைச் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் இடைவிடாது கற்பிக்கிறது. கரையில் மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாகக் கொடிகள் நட்டு, அவற்றுக்கு நடுவே மட்டும் குளிக்கச் சொல்கிறார்கள். பலகைக்காரர்க்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி. கொடி இல்லாத நாளில் கடலும் இல்லை.

மிதக்கத் தெரிந்த பிறகுதான் பலகை. முதலில் இடுப்பளவு நீரில், உடைந்து நுரையாகி வரும் அலையில், வயிற்றின்மேல் படுத்து வர வேண்டும். பாரம் முன்னே சாய்ந்தால் பலகையின் மூக்கு நீருக்குள் குத்தும்; பின்னே சாய்ந்தால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். எழும்போது முழங்கால் ஊன்றாமல் ஒரே வீச்சில் எழ வேண்டும். பார்வை காலடியில் இருக்கலாகாது; போகும் திசையில் இருக்க வேண்டும். விழுந்தால் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தன் பலகையே தன் மண்டையை உடைக்கக்கூடும் அல்லவா! எழுந்து நிற்க அவளுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

கயாக் என்னும் சிறு ஓடத்திலும் இப்படியே, கவிழ்வதுதான் முதற்பாடம். கயாக் வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் படைப்பு. மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஏறுபவர் உடல் அளவுக்கே கட்டி, வேட்டைக்குப் போனார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். இடுப்பைச் சுற்றி நீர் புகாத ஒரு பாவாடை மூடியிருக்கும். கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அதன் வளையத்தை இழுத்து வெளியே வர வேண்டும். பெற்ற வயிறு இதைக் கேட்டபோது என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

எனினும், பனி நாட்டின் கயாக்கும், பசிபிக் தீவு மக்களின் அலைப்பலகையும், நம் கட்டுமரமும் உறவுக்காரர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றும் கடலை நம்பி வாழ்ந்த எளிய மக்கள், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்தவை. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட நூலில் நம் கட்டுமரத்தைக் குறித்து எழுதினார். அச்சொல் அம்மொழியில் நிலைத்து, இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்குப் பெயராகிவிட்டது. பெயர் மட்டும் உலகம் சுற்றுகிறது. தெற்கே மணப்பாடு, உவரி, இடிந்தகரைக் கரைகளில் கட்டுமரம் போய் ஃபைபர் வல்லம் வந்துவிட்டது. மரத்தின்மேல் நின்றபடியே அலையை ஏறிக் கடந்த கால்கள் முதுமை எய்திவிட்டன.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கயாக் அந்நியமானதும் அன்று. திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால், போலந்தில் குருவாயிருந்த 1950களில் ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களை ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் அழைத்துச் சென்று கயாக் ஓட்டியவர். கவிழ்த்த கயாக்கே பீடமாக அங்கே திருப்பலி நிறைவேற்றியிருக்கிறார்; துடுப்புகளைச் சேர்த்துக் கட்டியதே சிலுவை. 1958ஆம் ஆண்டுக் கோடையில் அத்தகைய பயணம் ஒன்றின் நடுவில்தான், அவர் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்தியைச் சொல்ல அவரை வார்சாவுக்கு அழைத்தார்கள். சென்று, ஏற்று, மீண்டும் கயாக்குக்கே திரும்பினார். அந்த மாணவர் கூட்டத்தில் பெண்களும் இருந்தனர் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு பனிமய மாதா திருவிழாவுக்கு மகள் விடுப்பில் வந்தாள். பனியையே காணாத கரையில் பனிமய மாதா! உரோமையில் ஆகஸ்டு வெயிலில் குன்றின்மேல் பனி பெய்ததாகச் சொல்லும் மரபு, கொற்கை வெயிலில் வாழும் நமக்குத் தாயாக வாய்த்தது. ஆகஸ்டு 5ஆம் நாள் கழிந்த மறுநாள், மணப்பாடு சென்று அலையில் இறங்க விரும்புவதாக அவள் கூறினாள்.

என் தாயாருக்கு 87 வயது. கணவரை ஆண்டுக்கணக்கில் கடலுக்குள் இறக்கி ஏற்றிப் பார்த்தவர். மகன் ஒருவனைக் கடலுக்கே கொடுத்தவர். என் தம்பி இருபது வயதில் வல்லத்தில் சென்றவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இன்றும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைக்குப் போகும் நாங்கள், அவனுக்கென ஒரு மெழுகுதிரியை மட்டும் கடற்கரையில் ஏற்றுகிறோம். பேத்தி கேட்டதும் தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் மாமனுக்கு நீந்தத் தெரியும். தெரிந்தவனையே கடல் விடவில்லை. நீ என்ன கற்றுவிட்டாய்?" என்றார்.

அவளிடம் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை. எந்தக் கலையும் அதற்கு விடை தருவதாக நான் நம்பவில்லை.

சற்றுப் பொறுத்துத் தாயார் மறுபடியும் கேட்டார்: "சரி, கயிறு யார் கையில்?"

"என் காலில்தான் ஆச்சி. பலகையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். விழுந்தாலும் பலகை போகாது, பிடித்துக்கொண்டு மிதக்கலாம்."

"மறுமுனையில் ஆள் இல்லாத கயிறு என்ன கயிறு?"

இந்தக் கேள்விதான் எங்களுக்கு வழி திறந்தது. அந்நாட்டிலும் தனியாக இறங்கலாகாது என்பதே விதி. கரையில் ஒருவர் கண் எப்போதும் நம்மேல் இருக்க வேண்டும் என்று மகள் விளக்கினாள். இரண்டும் ஒன்றே எனத் தாயார் ஏற்றுக்கொண்டார். ஆனால் கண் போதாது, ஆள் வேண்டும் என்றார். மூத்த மகளின் கணவர் வல்லத்தில் தொழில் செய்பவர், இவளுக்கு அத்தான். அவர் மணப்பாட்டு உறவினரின் ஃபைபர் வல்லத்தை எடுத்துக்கொண்டு, அலை உடையும் ஆழிக்கு அப்பால் நிற்க வேண்டும். கையில் மிதவையோடு கட்டிய கயிறு இருக்க வேண்டும். மைத்துனன் கயிறு இப்படி மறுபடியும் வந்து சேர்ந்தது.

இது கிழவியின் வீண் அச்சம் என்று எவரும் எண்ண வேண்டா. 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். கள்ளக்கடல் எனப்படும் அலையேற்றம் அது. தெற்கே வெகு தொலைவில், பெருங்கடலில் வீசும் காற்றால் எழும் நீளலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கள்வனைப் போல் வந்து கரையேறும். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. அறிவிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கமோ உள்நாட்டார்க்கு மட்டுமன்றி நம் பிள்ளைகளுக்கும் குறைந்து வருகிறது. அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் திரும்பிக் கடலுக்கு ஓடும் இடத்தில் அலை உடையாது, அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அந்த அமைதியை நம்பி அங்கேயே இறங்குவர். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தாமல், கரையை ஒட்டிய திசையில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும் என்று மகளுக்குக் கார்ன்வாலில் கற்பித்தார்கள். "நீவாட்டோடு மல்லுக்கட்டாதே" என்று என் தகப்பனார் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்வார். நாங்கள் அப்போது அடுக்களையில் இருப்போம்.

தூத்துக்குடி நகரின் எதிரே தீவுகளும் பவளப் பாறைகளும் அலையைத் தடுத்துவிடுவதால் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். கயாக்குக்கு அது போதும். ஆயினும் வ.உ.சி. துறைமுகத்துக் கப்பல் வழியில் சிறு ஓடங்களுக்கு இடமில்லை. 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவுகளிலும் விருப்பம்போல் கரையேறலாகாது. அலை வேண்டுவோர் தெற்கே ஏறக்குறைய 60 கி.மீ. சென்று மணப்பாட்டில் இறங்குகின்றனர். கடலுக்குள் நீண்ட மணற்குன்று. அதன்மேல் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம். அடியில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. பலகையோடு இளைஞர் அங்கே வருவது சில ஆண்டுகளாக வழக்கமாயிருக்கிறது.

தாயாரும் காரில் வந்தார். மகள் முழுக்கை உடையோடு இறங்கினாள். "வெந்நீரில் இறங்கியது போலிருக்கிறது" என்று கத்தினாள். மூன்று முறை விழுந்தாள். நான்காம் முறை எழுந்து, கரைமணல் வரை நின்றபடியே வந்தாள். ஊர்ச் சிறுவர்கள் கூவினர். சிறுமிகள் கூவவில்லை, உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றனர். தாயார் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு அவளை அருகே அழைத்தார். அவள் கணுக்காலில் கட்டியிருந்த கயிற்றை இரு விரல்களுக்கிடையே அங்குலம் அங்குலமாக உருவிப் பார்த்தார். தகப்பனார் கடலுக்குப் போகும் விடியல்களில் அவருடைய கயிற்றை இப்படித்தான் உருவிப் பார்ப்பார். பிரி விட்ட இடம் விரலுக்குத் தெரியுமாம். "நூல் நல்ல நூல்தான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மகள் திரும்பிச் சென்று மாதங்கள் ஆகின்றன. மூத்தவளின் இரு பெண்மக்களும் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தியும் சனிக்கிழமைகளில், காற்றில்லாத வேளை பார்த்து, இடுப்பளவு நீரில் மிதக்கப் பழகுகிறார்கள். தகப்பன் பக்கத்தில் நிற்கிறார்; கயிறும் இருக்கிறது. நேரத்தை அவர்கள் செபத்தால் அளக்கிறார்கள். பெரியவள் அருள்நிறை மந்திரம் பத்தும் சொல்லி முடியும்வரை காது நனைய மிதக்கிறாள். சின்னவள் மூன்றோடு எழுந்துவிடுகிறாள். அண்டை வீட்டுச் சிறுமி எத்தனை என்று சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடக்கிறாள்.