செம்புத் துண்டும் லேத் பட்டறையும்

கணினி புரொசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் செம்புக் கட்டியை வீட்டில் செய்வது வீண்வேலை என்பதை நான் ஏற்கவில்லை. 2022இல் இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியை மட்டும் நம்புவதன் பலவீனத்தை நாடே கண்டது. பதுளையில் லேத் பட்டறைகள் உண்டு. ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளில் உலோகம் அறிந்த பிட்டர்மார் தலைமுறைகளாக இருக்கிறார்கள். வேண்டியது ஒரு செம்புத் துண்டு, அதில் நெருக்கமாக அறுத்த மெல்லிய காடிகள், இறுக்கமான மூடி, இரண்டு குழாய் வாய்கள். அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஆனால் புரொசசரைத் தொடும் முகம் சமமாக இல்லாவிட்டால் அந்த நன்மை போய்விடும். கண்ணாடித் தகட்டின் மேல் சேண்ட் பேப்பரை விரித்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். முழு வேலையிலும் முக்கியமானது இதுதான்.

மலைநாட்டுக் குளிருக்கு விசிறி போதாதா என்று கேட்பது நியாயம். சாதாரண வேலைக்குப் போதும். மணிக்கணக்காக வீடியோ எடிட்டிங் செய்யும் கணினிக்கு, வெப்பத்தைப் பெரிய ரேடியேட்டருக்குக் கடத்தும் தண்ணீர் உதவும். கசிவு பற்றிய பயமும் சரியானதே. அதனால் கணினியில் பொருத்துமுன் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். செம்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கவே கூடாது, அலுமினியம் அரித்துப்போகும். தோட்டப் பாடசாலைகளில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு கற்பிக்கும் ஆசிரியர்களே, இதை ஒரு செயற்றிட்டமாக மாணவர்களிடம் கொடுங்கள்.